ஸ்கோப்பின் பின்னால் ஒரு சின்ன கேமரா: சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3-உம் ஓர் அலுமினிய அடாப்டரும்

தூரத்துப் பறவையைப் பார்க்க உதவும் ஒற்றைக் குழல் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பறவை பார்ப்பதற்கென்று ஸ்கோப்பும் ட்ரைபாடும் வாங்கியாயிற்று, படம் எடுக்க இன்னொரு பெரிய லென்ஸும் வாங்கிச் சுமக்க வேண்டுமா என்று யோசிப்பவர்கள் நிறைய பேர். தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைதான் உங்கள் இலக்கு என்றால் வேண்டாம். சட்டைப்பையில் அடங்கும் ஒரு காம்பாக்ட் கேமராவும், அதை ஸ்கோப்பின் பின்னால் பிடித்து நிறுத்தும் உறுதியான ஓர் அடாப்டரும் போதும். அதில் அடாப்டருக்குத்தான் முதல் மரியாதை, கேமராவுக்கு அடுத்த இடம்.

இது புது வித்தை இல்லை. 1999-இல் மலேசியாவைச் சேர்ந்த லாரன்ஸ் போ, நிக்கான் கூல்பிக்ஸ் கேமராவை லைக்கா ஸ்கோப்பின் கண்பகுதியான ஐபீஸில் வைத்துப் பார்த்ததிலிருந்துதான் ஸ்கோப் வழியாகப் படம் எடுக்கும் இந்த டிஜிஸ்கோப்பிங் உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் காலத்து கூல்பிக்ஸ் 950, 990, 995, 4500 எல்லாம் இதற்கென்றே செய்ததுபோல் இருந்தன. ஜூம் உள்ளுக்குள்ளேயே நகரும், லென்ஸ் வெளியே நீளாது, முன்னால் 28 மிமீ திருகு வேறு இருந்தது, வளையம் மாட்டி நேராக ஸ்கோப்போடு இணைத்துவிடலாம். இன்றைய கேமராக்களில் அந்த வசதி கிடையாது. நான் வைத்திருக்கும் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3-ஐ ஆன் செய்தால் லென்ஸ் வெளியே வரும், ஆஃப் செய்தால் உள்ளே போகும், முன்னால் திருகும் இல்லை. அதனால் கேமராவை அடியில் இருக்கும் ட்ரைபாட் துளை வழியாகப் பிடித்து, லென்ஸ் ஐபீஸுக்கு நேராக வரும்படி நிறுத்துகிற தாங்கி ஒன்று கட்டாயம் தேவைப்படுகிறது.

இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றை முதலில் வாங்கினேன், பிராண்டு பெயர் இங்கே வேண்டாம். ஐபீஸைக் கவ்வும் மூன்று திருகில் ஒன்றின் மரை கொஞ்ச நாளிலேயே தேய்ந்து வழுக்க ஆரம்பித்தது, கேமராவின் எடையில் தாங்கி மெதுவாகக் கீழே சாயும், படத்தின் ஒரு மூலையில் பிறை வடிவில் கறுப்பு விழும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலே தெரிந்துவிடும். இப்போது இருப்பது அலுமினியம். மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும் என்று மூன்று திசையிலும் தனித்தனியாக நகர்த்திப் பூட்டலாம், ரப்பர் பதித்த திருகுகள் ஐபீஸைக் கீறாமல் பிடிக்கின்றன. கேமராவை ஒரு கீலில் வைத்து அப்படியே பக்கவாட்டில் திருப்பிவிட்டு, கண்ணால் பறவையைத் தேடி, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவரலாம். அந்தக் கீல் இல்லாத மாடல் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் 1400 மிமீ-இல் கேமரா திரை வழியாகப் பறவையைத் தேடுவது பெரும்பாடு.

அந்த 1400 எங்கிருந்து வந்தது? ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தைக் கேமராவின் குவியத்தூரத்தால் பெருக்கினால் போதும். மார்க் 3-இன் லென்ஸ் 35 மிமீ ஃபிலிம் கேமராவின் கணக்கில் 24 முதல் 70 மிமீ. ஸ்கோப் 20-இல் இருந்தால் 1400, 30-இல் 2100, 60-இல் 4200. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 60 பக்கம் போகாதீர்கள். 70 மிமீ முனையில் இந்த லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 25.7 மிமீ. முன்கண்ணாடி 80 மிமீ உள்ள ஸ்கோப்பில் 20 மடங்குக்கு அது ஏறக்குறைய எஃப் 6.4 ஆகிறது, 60 மடங்குக்கு எஃப் 19 ஆகிவிடுகிறது. ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம்தான் வரும், ஐஎஸ்ஓ எகிறும், கூர்மையும் போகும். நான் 20-இலிருந்து 30-க்குள்தான் எடுக்கிறேன், அதற்கு மேல் வேண்டும் என்றால் வீட்டில் கிராப் செய்துகொள்கிறேன். அது எப்போதும் மேலாகவே வருகிறது.

கறுப்பு வட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். கேமராவை 24-இல் வைத்தால் நடுவில் தட்டு மாதிரி வட்டமாகப் படம், சுற்றிலும் இருட்டு. ஜூம் செய்யச் செய்ய வட்டம் விரிந்து சட்டத்துக்கு வெளியே போகும். என் ஐபீஸில் 20 மடங்கில் 60 மிமீ-ஐத் தாண்டினால்தான் மூலைகள் சுத்தமாகின்றன, 30 மடங்கில் 50 மிமீ-க்கே போய்விடுகிறது. ஜூம் ஐபீஸ்களில் குறைந்த உருப்பெருக்கத்தில்தான் ஐபீஸ் வழியாகக் கண்ணுக்குத் தெரியும் வட்டம் குறுகலாக இருக்கும், அதுதான் காரணம். 30 மடங்கு நிலையான வைட் ஐபீஸ் உங்கள் ஸ்கோப்புக்குக் கிடைக்குமானால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். இதே காரணத்துக்காக 20, 30 மடங்கு ஜூம் உள்ள காம்பாக்ட்கள் பக்கமே போக வேண்டாம், பெரிய லென்ஸுக்குள் வெளிச்சம் சரியாக நுழையாமல் வட்டம் விடாமல் நின்றுகொண்டிருக்கும். மூன்று மடங்கு ஜூம் உள்ள சின்ன லென்ஸ்தான் இதற்குச் சரி.

சரி, களத்தில் எப்படி? சோழிங்கநல்லூர் மேடவாக்கம் சாலையில் பெரும்பாக்கம் ஏரிப் பக்கம் காலையில் நின்றால் நெடுங்கால் உள்ளான், நீளவால் இலைக்கோழி, கரண்டிவாயன் எல்லாம் கிடைக்கும், எதுவும் கிட்டே வராது. அங்கே நெடுங்கால் உள்ளானின் சிவப்புக் கண்ணும் அதில் ஒரு வெளிச்சப் புள்ளியும் தெளிவாகத் தெரியும்படி படம் வந்திருக்கிறது, இலைக்கோழியின் நீளமான விரல்கள் அல்லி இலையை அழுத்துவதுகூடத் தெரிகிறது. வேடந்தாங்கலில் கரையை விட்டு இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. கூட்டில் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரையை எந்தத் தொந்தரவும் இல்லாமல் கரையிலிருந்தே எடுக்க முடிகிறது. இந்த முறையின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு அதுவே பெரிய காரணம். கிட்டே போகத் தூண்டாத படக்கருவி இது. பறவையின் காலில் இருக்கும் வளையத்து எழுத்தைப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் பல வருடமாக வளையமிடுகிறார்கள், ஒரு தெளிவான படம் இருந்தால் அந்தத் தகவல் அவர்களுக்குப் பயன்படும்.

ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர்ப் பரப்பில் கானல் எழுந்துவிட்டால் எந்தக் கண்ணாடியும் காப்பாற்றாது, மூட்டை கட்டலாம். பறக்கும் பறவைக்கும் இது உதவாது. நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராதான், ஆனால் சட்டத்துக்குள் பறவை இருந்தால்தானே.

ஃபோகஸுக்கு என் பழக்கம் இது. கேமராவை மேனுவலில் முடிவிலியில் வைத்துவிட்டு, திரையைப் பெரிதாக்கி, ஸ்கோப்பின் சக்கரத்தை மட்டும் திருப்புவது. ஃபோகஸ் ஆன விளிம்புகளைத் திரையில் நிறம் பூசிக் காட்டும் பீக்கிங் வண்ணம் உதவும், ஆனால் நாணல் முன்னால் இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டிவிடும், கண்ணைத்தான் நம்ப வேண்டும். ஐபீஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணல் ஸ்கோப்பில் கேமரா திரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் வெயிலில் ஒன்றுமே தெரியாது. மார்க் 3-இல் மேலே எழும்பும் வியூஃபைண்டர் இருப்பது இங்கே பெரிய ஆறுதல். ஆனால் அதில் கண்ணை ஒட்டினால் எல்லாமே ஆடும், இமை படாமல் பார்க்கப் பழக வேண்டும். ஷட்டரை விரலால் அமுக்காதீர்கள். இரண்டு நொடி டைமர் வைத்தால் பறவை தலையைத் திருப்பிவிடுகிறது, வைஃபை வழியாக மொபைலில் எடுத்தால் சற்றே தாமதம், ஒயர் ரிமோட்தான் நல்லது.

290 கிராம் கேமராவும் தாங்கியும் பின்னால் தொங்குவதால் ஸ்கோப்பை ட்ரைபாட் தலையில் கொஞ்சம் முன்னால் தள்ளி மாட்டுங்கள், இல்லாவிட்டால் விட்ட கையோடு மூக்கைத் தூக்கிக்கொள்ளும். ஒல்லியான பயண ட்ரைபாட் இதற்கு ஆகாது.

மொபைலே போதாதா என்று கேட்பார்கள். அடையாளம் காண மட்டும் என்றால் போதும். ஒரு இன்ச் சென்சாரும், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலும் நிழலில் நிற்கும் வக்காவின் இறகைக் காட்டும்போது வித்தியாசம் தெரியும். ஸ்கோப்பே இல்லாதவர்கள், படம் மட்டுமே வேண்டும் என்பவர்கள் நிக்கான் பி950 மாதிரி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம், 2000 மிமீ வரை ஒரே கேமராவில் கிடைக்கும், வேலையும் குறைவு.

மார்க் 3 பழைய மாடல், 2014-இல் வந்தது, செகண்ட் ஹேண்டில்தான் பெரும்பாலும் தேட வேண்டியிருக்கும். வாங்கப் போகும்போது ஸ்கோப்பையும் அடாப்டரையும் கையோடு எடுத்துப்போங்கள். லென்ஸ் தடங்கலில்லாமல் வெளியே வருகிறதா, 70-க்குப் போவதற்கு முன்பே கறுப்பு மறைகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்கோப்பை 60-இல் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள், உள்ளே தூசி இருந்தால் புள்ளி புள்ளியாக அதில் தெரிந்துவிடும்.