பித்தளை என்றார்கள், கருங்காலி என்றார்கள்: தாயக்கட்டை வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கையால் செய்த தாயக்கட்டை என்று இன்ஸ்டாகிராமில் விற்கும் ஒரு பக்கத்தில் 3,800 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பித்தளை ஜோடிக்கு 1,450. கருங்காலி ஜோடிக்கு, அதை வைக்க ரோஸ்வுட் பெட்டியோடு சேர்த்து, 2,350. மூன்றுமே பொய். அதே படங்களை வைத்து இப்போது வேறு பெயரில் ஒரு பக்கம் ஓடுவதைப் போன வாரம் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பாயியிடம் ஒரு பித்தளை ஜோடி இருந்தது. கும்பகோணம் வீட்டை மாற்றியபோது அதில் ஒன்று தொலைந்துவிட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கட்டையை வெற்றிலைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். ஒற்றைக் கட்டையை வைத்துக்கொண்டு தாயம் ஆட முடியாது. வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கும் வீடு எங்களுடையது. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு விடியும்வரை ஆடுவோம். கடந்த சில வருடங்களாகப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் பகடையை வைத்து ஒப்பேற்றினோம். அப்பாயிக்கு அதில் மனசே ஒட்டவில்லை. இந்த மார்கழிக்கு நல்ல கட்டை கையில் கொடுக்க வேண்டும் என்று கார்த்திகையிலேயே தேட ஆரம்பித்தேன்.

விற்றவர் போனில் நன்றாகவே பேசினார். "மேடம், ஃபுல் சாலிட் பித்தளை. உள்ள பொள்ளல் கிடையாது. கருங்காலி ஒரிஜினல், சர்டிபிகேட்டோட வரும்." ஜிபேயில் பணம் அனுப்பினேன். கடையின் பெயருக்குப் பதில் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். சர்டிபிகேட் என்று வந்தது பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய ஓர் அட்டை. எந்தப் பரிசோதனைக்கூடம், என்ன சோதனை, எதுவும் அதில் இல்லை. பெட்டிக்குள் பில்லும் இல்லை.

ஏகாதசி இரவு அப்பாயி பித்தளைக் கட்டைகளை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு தேய் தேய்த்து உருட்டினார். உருட்டிவிட்டு விழுந்த எண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஏண்டி, இது சத்தமே வரலியே. பித்தளைன்னா கிண்ணுனு பேசணும். இது மண்ணாங்கட்டி மாதிரி விழுது." எண்பத்திரண்டு வயதுக் காது. நான் நம்பவில்லை. புதுசு, பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

அதற்கப்புறம் ஆட்டமே கெட்டுப்போனது. எங்கள் வீட்டு வழக்கப்படி தாயம் (அதாவது ஒன்று), ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். சித்தப்பாவுக்குப் பன்னிரண்டு மேல் பன்னிரண்டாக விழுந்தது. அத்தை பையன், "நீங்க உருட்டல மாமா, வெக்கிறீங்க" என்று சொல்லிவிட்டான். சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மரக்கட்டைக்கு மாறினோம். ஒரு மணி நேரத்தில் தங்கச்சி மகளின் உள்ளங்கை இரண்டும் கன்னங்கரேல். வியர்வையில் சாயம் இறங்கியிருந்தது. குழந்தை அந்தக் கையாலேயே முறுக்கு எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பதறிவிட்டது. அதோடு ஆட்டத்தை நிறுத்தினோம்.

மறுநாள் தெருமுனை ஆசாரியிடம் மரக்கட்டையைக் கொடுத்தேன். முனையில் உளியை வைத்து ஒரு சீவு சீவினார். உள்ளே வெள்ளை. "வைரமே இல்லம்மா, ரப்பர் மரம் மாதிரி இருக்கு. கறுப்புச் சாயத்துல முக்கி பாலிஷ் போட்டிருக்கான்." கருங்காலி மரத்திலும் வெளிப்பக்க வெளிறு வெளுப்பாகத்தான் இருக்கும், நடுவில் இருக்கும் கெட்டியான வைரம்தான் கறுப்பு. ஆனால் இது மேலே கறுப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் அல்லவா இருந்தது! தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே தெரியும்படி மிதந்தது. நல்ல கருங்காலி வைரம் ஏறக்குறைய தண்ணீர் அளவுக்குக் கனம் என்பதால் மூழ்கும், இல்லையென்றால் விளிம்பு தெரியாத அளவுக்கு அமிழ்ந்துதான் மிதக்கும். மூழ்கிவிட்டால் மட்டும் அசல் என்றும் நம்பாதீர்கள். கனமான வேறு மரத்துக்கும் சாயம் போடலாம். சீவிப் பார்ப்பதுதான் சோதனை.

பித்தளைக்குக் காந்தம் வைத்தேன். ஒட்டவில்லை. பலரும் இங்கேதான் திருப்தியாகிவிடுகிறார்கள், நானும் ஆகியிருப்பேன். காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே மஞ்சள் முலாம் பூசினால் அதுவும் ஒட்டாது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது: கிராம் காட்டும் சின்னத் தராசில் கட்டையை எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிக்கொண்டு, கட்டையை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு எத்தனை கிராம் கூட்டிக் காட்டுகிறதோ அதுதான் கட்டையின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எடையை அதனால் வகுத்தால் பித்தளைக்கு எட்டரையை ஒட்டி வரவேண்டும். எனக்கு ஒரு கட்டை 36 கிராம், கன அளவு 5.5. வகுத்தால் ஆறரை. இன்னொன்று அதே அளவு, ஆனால் 33 கிராம்தான், உள்ளே காற்றுக்குமிழ். அப்பாயியின் ஒற்றைக் கட்டையையும் போட்டுப் பார்த்தேன். 8.5 காட்டியது.

இதைவிட எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் கட்டையின் குறுக்கு வெட்டு சதுரமே இல்லை. ஒரு பக்கம் 10 மில்லிமீட்டர், மறுபக்கம் எட்டரை. கட்டையின் நான்கு முகங்களில் மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள், நான்காவது வெறுமை. அகலமான முகங்களில் ஒன்று அந்த வெறுமை, அதன் எதிர்முகம் இரண்டு. தட்டையாகப் படுக்கும்போது அந்த முகங்கள்தானே அதிகம் மேலே வரும்? ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து 160 முறை உருட்டினேன். ஜோடி விழக்கூடிய விதம் மொத்தம் 16. அதில் பன்னிரண்டுக்கு ஒரே விதம், இரண்டும் வெறுமை. ஆறுக்கும் ஒரே விதம், இரண்டும் மூன்று. ஆக 160 உருட்டலில் இரண்டும் பத்துப் பத்து முறையை ஒட்டி வரவேண்டும். பன்னிரண்டு 23 முறை வந்தது, ஆறு 3 முறை. சித்தப்பா மேல் ஒரு தப்பும் இல்லை. நோட்டைக் கொண்டுபோய் அவரிடமும் அத்தை பையனிடமும் காட்டினேன்.

விற்றவருக்கு இதையெல்லாம் படத்தோடு அனுப்பினேன். "ஹேண்ட்மேட் மேடம், ஒன்னுக்கொன்னு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்" என்று பதில் வந்தது. புள்ளி கொஞ்சம் பெரிதாக இருக்கலாம், மர ரேகை மாறலாம், ஒத்துக்கொள்கிறேன். கையால் செய்தால் பித்தளை துத்தநாகமாகிவிடுமா? அப்புறம், "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" என்று கேட்டார். எடுக்கவில்லை. அன்றோடு என்னை பிளாக் செய்துவிட்டார்.

பெட்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் அட்டையில் மர டிசைன் ஸ்டிக்கர். ஆனால் மரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரோஸ்வுட் என்கிற ஈட்டி மரத்தைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். செம்மரத்துக்கு இன்னும் கெடுபிடி. அதே பக்கத்தில் செம்மரக் கட்டை 900 ரூபாய் என்று ரீல்ஸ் போட்டிருந்தார்கள். அது பொய்யாக இருந்தால் உங்கள் பணம் போகும்; உண்மையாக இருந்தால் எந்தக் காட்டில் திருடியது என்று யோசிக்க வேண்டும். மரம் எங்கிருந்து வந்தது என்று எழுதிய பில் இல்லாமல் இரண்டையும் வாங்காதீர்கள்.

பணம் அனுப்பும் முன், கட்டையைத் தராசில் வைத்து நீளம், அகலம், தடிமன் அளந்து காட்டும் வீடியோ கேளுங்கள். ஒழுங்காகச் செய்கிறவர் தயங்க மாட்டார். நாச்சியார்கோவிலில் விளக்கு வார்க்கும் பட்டறை ஒன்றில் விசாரித்தபோது, அப்பாயியின் ஒற்றைக் கட்டையையே மாதிரியாக வைத்து ஜோடி வார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். நேரில் போயிருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

ஏமாந்தவர்கள் 1915க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். இணையத்தில் விற்பவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. நான் புகார் பதிந்த பன்னிரண்டாம் நாள் பித்தளை ஜோடியின் 1,450 ரூபாய் மட்டும் பேசாமல் கணக்கில் வந்து விழுந்தது. மரத்துக்கான 2,350 வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆசாரி சீவிய கட்டை, விழுந்த சிராய், 160 உருட்டலும் எழுதிய நோட்டு, எல்லாம் ஒரே கவரில் பத்திரமாக இருக்கிறது.