ஸ்டாக்கா, ரெஜிஸ்டரா: ஒரே கூட்டலைப் பைத்தானும் லூவாவும் செய்யும் விதம்

மொத்தம் = விலை + வரி. இதைப் பைத்தான், லூவா இரண்டு மொழிகளும் முதலில் பைட்கோடாக, அதாவது தங்கள் இன்டர்பிரெட்டர் படித்து ஓட்டும் சிறு கட்டளைகளாக மாற்றுகின்றன. பைத்தானின் கட்டளைகள் ஸ்டாக்கில் (மேலே வைத்து மேலிருந்தே எடுக்கும் அடுக்கு) வேலை செய்கின்றன, லூவாவின் கட்டளைகள் ரெஜிஸ்டரில் (எண்ணிட்ட இடங்கள்). இங்குள்ள மூன்றுமே ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும் லோக்கல் மாறிகள். பைத்தான் 3-இல் இந்தக் கோடைத் தமிழிலேயே எழுதி ஓட்டலாம். லூவா தமிழ் எழுத்துகளை மாறிப்பெயராக ஏற்காது, ஆங்கிலப் பெயர்தான் வைக்க வேண்டும்.

பைத்தான் 3.12-இல், பைட்கோடைப் பட்டியலிடும் டிஸ் மாட்யூல் இதற்கு நான்கு கட்டளைகள் காட்டும். லோட்_ஃபாஸ்ட் விலை, லோட்_ஃபாஸ்ட் வரி, பைனரி_ஆப், ஸ்டோர்_ஃபாஸ்ட் மொத்தம். இரண்டு மதிப்புகள் ஸ்டாக்கில் ஏறுகின்றன, கூட்டல் இரண்டையும் எடுத்துக்கொண்டு விடையை வைக்கிறது, கடைசிக் கட்டளை அதை இறக்குகிறது. ஒவ்வொன்றும் 2 பைட். பைனரி_ஆப்-ஐ ஒட்டி இன்னும் 2 பைட் கேஷ் (இன்டர்பிரெட்டர் தன் குறிப்புக்கு வைத்திருக்கும் இடம்) இருப்பதால் மொத்தம் 10 பைட்.

லூவா 5.3-இல், அதன் கம்பைலரான லூவாக் என்ற கருவி காட்டுவது ஒற்றைக் கட்டளை: ஆட் 2 0 1. 0-ஆம் ரெஜிஸ்டரையும் 1-ஆம் ரெஜிஸ்டரையும் கூட்டி 2-இல் வை என்று பொருள். 4 பைட்டில் முடிந்தது. 5.4-இல் இதன் பின்னால் மெட்டாமெத்தடுக்கான (எண் அல்லாதவற்றைக் கூட்டப் புரோகிராமர் எழுதித் தரும் ஃபங்ஷன்) இன்னொரு கட்டளையும் வரும். இரண்டும் எண்களாக இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடும்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. லூவாவின் ரெஜிஸ்டர் என்பது சிபியூ ரெஜிஸ்டர் அல்ல. அதுவும் நினைவகத்தில் உள்ள அரேயின் ஓர் இடம்தான். அப்படியிருந்தும் வேகம் கிடைப்பதற்குக் காரணம், கட்டளைகளின் எண்ணிக்கை குறைவது. கட்டளையைப் படித்து, ஆப்கோடைப் (எந்த வேலை என்று சொல்லும் எண்) பிரித்து, உரிய இடத்துக்குத் தாவும் டிஸ்பேட்ச் வேலை ஒவ்வொரு கட்டளைக்கும் உண்டு. சின்னக் கூட்டலுக்கு அந்தச் செலவே கூட்டலைவிட அதிகம். ஜாவா பைட்கோடை ரெஜிஸ்டர் வடிவத்துக்கு மாற்றி அளந்த 2005-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஓடிய கட்டளைகள் சராசரியாக 47% குறைந்தன, கோடின் அளவு 25% கூடியது. பென்டியம் 4-இல் எல்லா ஆப்கோடுகளுக்கும் ஒரே ஸ்விட்ச் வழியே தாவும் முறையில் நேரம் 32.3% குறைந்தது.

பைத்தானுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஒவ்வொரு லோட்_ஃபாஸ்டும் அந்தப் பொருளின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை (அதை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற கணக்கு) கூட்ட வேண்டும். அதனால்தான் 3.14-இல் எண்ணிக்கையைக் கூட்டாமல் கடன் வாங்கும் லோட் வந்தது. டிஸ்பேட்ச் செலவைக் குறைக்க, இரண்டு லோட்களை ஒன்றாக்கிய கட்டளை 3.13-இல் டிஸ் பட்டியலிலேயே தெரிகிறது. 3.11 முதல், அடிக்கடி ஓடும் பைனரி_ஆப் தன்னை முழுஎண் கூட்டலாக மாற்றிக்கொள்ளும். ஸ்டாக் வடிவத்தைக் கைவிடாமலே இவ்வளவும் செய்ய முடிந்திருக்கிறது.

முதல் இன்டர்பிரெட்டர் எழுதுபவருக்கு எங்கள் பரிந்துரை ஸ்டாக்தான். கணக்கை மரமாகப் பிரித்துக்கொண்டு, இடக்கிளை, வலக்கிளை, பிறகு ஆபரேட்டர் என்று அந்த மரத்தை நடந்தாலே கோடு உருவாகிவிடும். வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. கழித்தலில் முதலில் வெளியே வருவது வலப்பக்க மதிப்பு; மறந்தால் விடையின் குறி மாறும். பயன்படாத பொருள்களைத் தானாக அழிக்கும் கார்பேஜ் கலெக்டர் இருந்தால், புதிய பொருளுக்கு இடம் ஒதுக்கி முடியும்வரை பழைய இரண்டையும் ஸ்டாக்கிலிருந்து எடுக்கக் கூடாது. எடுத்தால் அவை நடுவிலேயே அழிக்கப்படலாம். மூன்றாவதுதான் மோசமானது: இஃப்பின் ஒரு கிளை ஒரு மதிப்பைக் கூடுதலாக விட்டுச் செல்வது. தவறு அங்கே நடக்கும், புரோகிராம் விழுவது வேறெங்கோ. கிளைகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஸ்டாக் ஆழம் ஒன்றாக இருக்கிறதா என்று கம்பைலரிலேயே சோதியுங்கள். பைட்கோடை ஓட்டுமுன் சோதிக்கும் ஜாவாவின் வெரிஃபையர் இதைக் கட்டாயமாக்குகிறது.

ரெஜிஸ்டர் முறையில் சிக்கல் கம்பைலர் பக்கம் போய்விடுகிறது. எந்த இடைமதிப்பு எந்த இடத்தில் என்பதை அதுதான் முடிவு செய்ய வேண்டும். லூவா செய்வது எளிய வழி: முதலில் லோக்கல்கள், அவற்றுக்கு மேலே தற்காலிக இடங்கள், பயன் முடிந்ததும் மேலிருந்து விடுவிப்பு. ஃபங்ஷன் அழைப்புக்கு ஃபங்ஷனும் ஆர்கியுமென்டுகளும் அடுத்தடுத்த ரெஜிஸ்டர்களில் இருக்க வேண்டும் என்பதால் அங்கே மூவ் கட்டளைகள் குவியும். அழைப்பு நிறைந்த கோடில் ஆதாயம் சுருங்குவது இதனால்தான். ஒரு கட்டளையின் 32 பிட்டில் 8 பிட் மட்டுமே விடை சேரும் ரெஜிஸ்டரின் எண்ணுக்கு. ஒரு ஃபங்ஷனில் 200 லோக்கல்களுக்கு மேல் லூவா ஏற்காததும் இந்த இட நெருக்கடியோடு சேர்ந்ததுதான். கருவிகள் தானாக உருவாக்கும் நீளமான கோடு இந்த எல்லையில் முட்டும்.

எந்த வடிவமானாலும் டிஸ்பேட்ச் லூப்பைக் கவனியுங்கள். ஒரே ஸ்விட்சுக்குப் பதில் ஒவ்வொரு ஆப்கோடின் முடிவிலும் தனித் தாவல் வைத்தால் பழைய சிபியூக்களில் நல்ல பலன் இருந்தது. புதியவற்றில், தாவல் எங்கே போகும் என்று முன்கூட்டியே ஊகிக்கும் பிராஞ்ச் பிரிடிக்டர் அந்த வித்தியாசத்தைப் பெரிதும் குறைத்துவிட்டது. தனித்தனியாக எழுதிய தாவல்களைக் கம்பைலர் மீண்டும் ஒன்றாக்கிவிடவும் கூடும். இப்படிப்பட்ட கோடுக்கு ஜி.சி.எஸ்.இ. என்ற (திரும்பத் திரும்ப வரும் கணக்கீடுகளை ஒன்றாக்கும்) மேம்பாட்டை அணைத்துப் பார்க்கும்படி சி கம்பைலரான ஜிசிசியின் ஆவணமே சொல்கிறது. உருவான மெஷின் கோடில் மறைமுகத் தாவல்களை (போகுமிடம் ஓடும்போதுதான் தெரியும் தாவல்கள்) எண்ணுங்கள்: ஆப்கோடுகளின் எண்ணிக்கைக்கு அருகில் இருந்தால் சரி, ஒன்றே ஒன்று இருந்தால் அவை இணைக்கப்பட்டுவிட்டன.