டெல்டாக் கல்லூரி ஒன்றின் கால்பந்து அணி: தோல்விக்கு யார் பொறுப்பு?

காவிரி டெல்டாவில் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் கால்பந்து அணியையும், விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரும் மாணவர்களுக்கு அந்தக் கல்லூரி தருவதாகச் சொல்லும் வசதிகளையும் பற்றிய மதிப்புரை இது. பாரதிதாசன் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் அரையிறுதி வரை வந்துவிடும் அணி என்று பெயரெடுத்திருந்த இந்த அணி, சில ஆண்டுகளாக முதல் இரண்டு சுற்றுகளைத் தாண்டுவதில்லை. என் அண்ணன் மகன் இதில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடுகிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன், இப்போது மூன்றாம் ஆண்டில் படிக்கிறான். அவனை முன்னிட்டு அணியின் பயிற்சிகளையும் போட்டிகளையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அங்கே இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் வருகைப் பதிவும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் நான் எழுதுவதால் பாதிக்கப்படக் கூடாது என்பதற்காகவே கல்லூரியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் முன்னாள் மாணவர்களும் உள்ளூர் ரசிகர்களும் முதலில் குறை சொல்வது பயிற்சியாளரைத்தான். "கோச்சை மாத்துங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்ற பேச்சுக்கு இணங்கி நிர்வாகமும் பயிற்சியாளர்களை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. அணியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. இந்த நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், தன் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை 2023 நவம்பரில் விலக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்கு 7.5 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க ஒப்புக்கொண்டே விலக்கியது. ஆனால் அங்கே ஆட்களைத் தேடிப் பிடிக்கும் அதிகாரமும் பெரிய உதவியாளர் படையும் தலைமைப் பயிற்சியாளருக்கு உண்டு. அதனால் பழியிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு என்று வாதிட இடமிருக்கிறது. நான் சொல்லும் கல்லூரியில் பயிற்சியாளர் என்பவர் மதிப்பூதியத்துக்கு மாலை நேரத்தில் மட்டும் வந்து போகிறவர். யாரைச் சேர்ப்பது, எந்தத் தரையில் ஆடுவது, எப்போது பயிற்சியைத் தொடங்குவது, எதற்குப் பணம் ஒதுக்குவது ஆகிய எதையும் அவர் முடிவுசெய்வதில்லை. அப்படிப்பட்டவர் மீது முழுப் பழியையும் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் கணிப்பில், இந்த அணி ஐப்பசியில் தோற்றாலும் அந்தத் தோல்வி ஆனி மாதத்தில், மாணவர் சேர்க்கை நடக்கும்போதே முடிவாகிவிடுகிறது. சேர்க்கையை நடத்துவது நிர்வாகம். விளையாட்டு ஒதுக்கீட்டில் இருக்கும் சில இடங்களை எல்லா விளையாட்டுகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்; டெல்டாக் கிராமங்களில் கபடிக்கு இருக்கும் செல்வாக்கு எல்லோரும் அறிந்தது, அந்த அணி கோப்பையும் கொண்டுவருவதால் அதற்கே முதலிடம் கிடைக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. குறை, கால்பந்துக்கான தேர்வை நடத்தும் காலத்தில் இருக்கிறது. பி.காம். போன்ற பாடங்களில் இடங்கள் நிரம்பிய பிறகே மைதானத்தில் தேர்வு நடக்கிறது. திருச்சி, நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துப் பள்ளி அணிகளில் நன்றாக ஆடிய பிள்ளைகள் வந்து ஆடிக் காட்டுகிறார்கள். கேட்ட பாடம் இல்லை என்றதும் வேறு கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கும் மாநிலத்தில், படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்தே கணக்கிடும் அந்தப் பிள்ளைகளை யாரும் குறை சொல்ல முடியாது.

இதன் விளைவை கோல் கம்பத்தின் அடியில் பார்க்கலாம். கோல்கீப்பராக ஆடிப் பழகிய ஒருவரும் சேராத ஆண்டில், ஹேண்ட்பால் அணியின் கோல்கீப்பரை அழைத்து நிறுத்தினார்கள். அந்த மாணவனின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் ஹேண்ட்பால் கோல் 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்டது. கால்பந்து கோலோ 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அருகிலிருந்து வரும் பந்தைக் கையையும் காலையும் விரித்துத் தடுக்கப் பழகியவனுக்கு, பக்கவாட்டிலிருந்து உயர்ந்து வரும் பந்தை எப்போது வெளியே வந்து பிடிப்பது, எப்போது கோட்டிலேயே நிற்பது என்ற கணக்கு வர ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். எதிரணிகள் அதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு, கார்னர் கிடைத்தால் போதும் என்று ஆடின. அந்த கோல்களுக்குப் பயிற்சியாளரைப் பொறுப்பாக்குவது எப்படி?

அடுத்தது மைதானம். கல்லூரியின் விளக்கக் கையேட்டில் பச்சைப் பசேல் என்று ஒரு படம் இருக்கிறது. மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். பழைய டெல்டாவின் மண் களிமண். சித்திரை வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கல்லாக இறுகும். நான்கு நாள் மழை பெய்தால் ஊறி, உப்பி, செருப்பைப் பிடித்து இழுக்கும். நெல்லுக்கு வரமாக இருக்கும் இந்தக் குணம் கால்பந்துக்குப் பெரும் இடைஞ்சல். அதைச் சரிசெய்யும் வழி தெரியாத ரகசியம் அல்ல: தரையின் நடுவை இலேசாக உயர்த்தி இருபுறமும் சரிவு கொடுப்பது, ஓரத்தில் வடிகால் வெட்டுவது, மேல்மண்ணில் மணலைக் கலப்பது, புல்லைப் பிடிக்கவைப்பது. வெப்ப நாடுகளின் நல்ல ஆடுகளங்களில் வளர்ப்பது பெரும்பாலும் நம் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானாக முளைக்கும் அருகம்புல்லின் இனத்தைத்தான். ஆகவே புல்லுக்காக வெளிநாட்டுக்கோ வெளிமாநிலத்துக்கோ போக வேண்டியதில்லை. இந்தக் கல்லூரியில் அது நடக்காததற்குக் காரணம், மைதானம் மைதானமாக மட்டும் பயன்படுவதில்லை என்பதே. பட்டமளிப்பு விழாப் பந்தல், என்.சி.சி. அணிவகுப்பு, தேர்வு நாள்களில் வாகன நிறுத்தம், வெளியாருக்கு வாடகைக்கு விடும் கிரிக்கெட் போட்டி என எல்லாம் அதே தரையில்தான். பந்தல்கால் குழிகளை யாரும் சரியாக மூடுவதில்லை. என் அண்ணன் மகனோடு ஆடிய நடுக்கள ஆட்டக்காரன் ஒருவன் அப்படியொரு குழியில் கால் மடங்கி ஒரு பருவம் முழுவதையும் இழந்தான்.

தரை ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது என்பதைத்தான் குறை சொல்பவர்கள் கவனிப்பதில்லை. வெடித்த தரையில் பந்து நினைத்த இடத்துக்கு உருளாது. அதனால் தரையோடு கடத்தி ஆடுவதை மாணவர்கள் கைவிட்டு, பின்களத்திலிருந்து பந்தை உயரத் தூக்கி முன்னே அடிக்கப் பழகிவிடுகிறார்கள். பிறகு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அரங்கம் போன்ற நல்ல தரைக்குப் போகும்போது, எதிரணி தரையோடு வேகமாகப் பந்தைக் கடத்துகிறது; நம் பிள்ளைகள் அதன் பின்னால் ஓடிக் களைத்துப்போகிறார்கள். "இவங்களுக்குப் பாஸ் போடவே தெரியலை" என்று படிக்கட்டில் உட்கார்ந்து சொல்வது எளிது. அவர்கள் எந்தத் தரையில் பாஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்க வேண்டும்.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த அணி ஆடும் முக்கியப் போட்டிகள் சில ஆண்டுகளாகப் புரட்டாசி, ஐப்பசியில் வருகின்றன. வடகிழக்குப் பருவமழை டெல்டாவை நனைக்கத் தொடங்கும் அதே நேரம் அது. கிராமத்து மாணவர்கள் பலருடைய வீட்டில் குறுவை அறுவடை நடக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவித்த நெல் எடைக்கு ஏறும்வரை மழைக்குத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு இரவில் காவல் இருப்பதும் பெரும்பாலும் வீட்டு ஆண்பிள்ளைகள்தான். அந்த வாரங்களில் பயிற்சிக்கு ஏழெட்டுப் பேர்கூட வராமல் போனால் அது பொறுப்பின்மை ஆகாது. கல்லூரி திறந்தவுடனே பயிற்சியைத் தொடங்கி, மழைக்கு முன்பே உடல்தகுதியை வளர்த்து முடிப்பதுதான் வழி. 90 நிமிடம் ஓடும் மூச்சைச் சேர்க்கக் குறைந்தது ஆறு வாரமாவது ஒழுங்கான பயிற்சி வேண்டும். இங்கே போட்டி அறிவிப்பு வந்த பிறகே சீருடை அளவெடுத்துப் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். கடைசி 20 நிமிடத்தில் இந்த அணி தொடர்ந்து கோல் வாங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் காணவில்லை.

ஓ.டி. (ஆன் டூட்டி) விவகாரம் மாணவர்களை மிகவும் அலைக்கழிக்கிறது. தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது விதி. கல்லூரிக்காக ஆடப் போகும் நாள்களைப் பணிநாளாகக் கணக்கிட முதல்வர் கையெழுத்திட்ட ஓ.டி. கடிதம் வேண்டும், அது துறைத்தலைவர், வகுப்பாசிரியர் எனப் பல மேசைகளைக் கடக்க வேண்டும். போட்டிக்குப் போகும்போது கொடுக்க வேண்டிய கடிதம், பருவம் முடியும் தறுவாயில் கைக்கு வந்த சம்பவங்கள் உண்டு. ஆடியதற்காக வருகை குறைந்து, அதற்கு அபராதக் கட்டணமும் கட்டிய மாணவன், அடுத்த ஆண்டு தேர்வுப் பாடங்களைக் காரணம் காட்டி அணியிலிருந்து விலகிக்கொள்கிறான். மூன்றாம் ஆண்டில் அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் இல்லாமல் போவது இப்படித்தான்.

பயிற்சியாளருக்கும் உடற்கல்வித் துறைக்கும் பழியில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பணமோ அனுமதியோ தேவைப்படாத விஷயங்களில் அவர்கள் தவறுகிறார்கள், அதை மன்னிக்க முடியாது. ஃபிஃபா வெளியிட்டிருக்கும் 11 பிளஸ் என்ற, ஆடும் முன் உடலைத் தயார்ப்படுத்தும் பயிற்சி (வார்ம்-அப்) சுமார் 20 நிமிடத்தில் முடிவது. தனிக் கருவி எதுவும் வேண்டாம். ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த அணியில் மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு நேராகப் பந்தை உதைக்கத் தொடங்குகிறார்கள். முதலாம் ஆண்டு மாணவர்களைப் பந்து பொறுக்கவும் சுண்ணாம்புத் தூளால் கோடு போடவும் மட்டும் வைத்திருப்பதும் பயிற்சியாளர் நினைத்தால் ஒரே நாளில் மாறக்கூடியது. அதே சமயம், உடற்கல்வி இயக்குநர் பணியிடம் நெடுநாளாக நிரந்தரமாக நிரப்பப்படாமல் கிடப்பதற்கு, நிர்வாகத்தோடு அரசும் பொறுப்பு. உதவிபெறும் கல்லூரியில் அந்த இடத்தை நிரப்பக் கல்லூரிக் கல்வி இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும்.

விடுதி உணவைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். வாக்களித்தபடி விளையாட்டு மாணவர்களுக்குக் காலையில் முட்டையும், பயிற்சி முடிந்ததும் சுண்டலும் பாலும் கிடைக்கின்றன. சமையல்காரர்கள் அன்பானவர்கள், இரவு தாமதமாக வந்தாலும் சோறு எடுத்துவைத்திருப்பார்கள். சீருடை தரமானது. பந்துகள் மட்டும் பழையவை. சில ஊறி எடை கூடியவை. விதிப்படி பந்தின் எடை 410 முதல் 450 கிராமுக்குள் இருக்க வேண்டும், அதைவிடக் கனத்த பந்தைத் தலையால் முட்டிப் பழகுவது நல்லதல்ல.

மாணவர்கள் மீது பழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லக் காரணமும் இல்லை. டவுன் பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்ப வேண்டிய அவசரத்திலும் இருட்டும்வரை ஆடிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: ஆண்டுக்கு ஒரு நினைவுக் கோப்பைப் போட்டிக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பகுதியை வடிகாலுக்கும் புல்லுக்கும் கொடுங்கள். கல்லூரி மாணவர் ஒவ்வொருவரிடமும் விளையாட்டுக் கட்டணம் வாங்குகிறது. அதில் கால்பந்துக்கு எவ்வளவு போகிறது என்ற கணக்கை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவர்களும் அவர்களே, ஏனென்றால் படிக்கும் பிள்ளைகளால் அதைக் கேட்க முடியாது.

அடுத்த சேர்க்கையில் இங்கே பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு: படிப்புக்கும் விடுதிக்கும் இந்தக் கல்லூரியைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். கால்பந்தை நம்பிச் சேர்ப்பதாக இருந்தால், கையேட்டுப் படத்தைப் பார்க்காமல், ஒரு மழை நாளின் மறுநாள் மாலையில் மைதானத்தை நேரில் பாருங்கள். விண்ணப்பத்தோடு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மைதானத் தேர்வு எந்தத் தேதியில், அப்போது பிள்ளை விரும்பும் பாடத்தில் இடம் இருக்குமா, ஓ.டி. கடிதம் போட்டிக்கு முன்பே கிடைக்குமா? அலுவலகத்தில் பதில் கிடைக்காவிட்டால் முதல்வரையே பார்த்துக் கேட்கலாம்; அவர் காலை வேளையில் பெற்றோரைச் சந்திக்கிறார், பொறுமையாகவும் பேசுகிறார். உங்கள் பிள்ளை கோல்கீப்பர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த ஆண்டும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.