சாவு வீட்டு வாசலில் நேரலை: ஒரு செய்தி சேனலுக்கு என் மதிப்பெண்

செல்போனுக்கும் ஹோட்டலுக்கும் பக்கம் பக்கமாக ரிவ்யூ எழுதுகிறோம், நாள் முழுக்க வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற செய்தி சேனலுக்கு யாரும் எழுதுவதில்லை. அதற்கும் மாதாமாதம் காசு கட்டுகிறோம், அதுவும் ஒரு சேவைதான். சேனலின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அன்றைக்கு எங்கள் தெருவுக்கு வந்த மற்ற சேனல்களும் ஏறக்குறைய இதையேதான் செய்தன. ஒரு பேருந்து விபத்து, ஒரே தெருவில் பல வீடுகளில் சாவு. நண்பனின் வீட்டில் கூடமாட உதவிக்கு நின்றுகொண்டிருந்ததால், நேரலை எப்படி எடுக்கப்படுகிறது என்பதை வாசலிலும், அது எப்படிக் காட்டப்படுகிறது என்பதைக் கையில் இருந்த போனிலும் ஒரே நேரத்தில் பார்த்தேன்.

முதலில் தகவல். இப்படி ஒரு செய்தி வந்த முதல் சில மணி நேரத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம்: யாரை எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், எந்த எண்ணுக்கு போன் செய்வது, போகும்போது கையில் என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும். உதவி எண் திரையின் அடியில் ஸ்க்ரோலில் ஓடியது, உண்மைதான். ஆனால் குறித்துக்கொள்வதற்குள் மறைந்துவிடும், திரும்பி வரும்போது பாதி எண்ணை விளம்பரப் பட்டை மூடியிருக்கும். திரை முழுக்க நொறுங்கிய பேருந்து, அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், அதே காட்சி மறுபடியும் மறுபடியும். இறந்தவர்களின் பட்டியல் என்று ஒன்றைப் போட்டார்கள், போலீஸ் வீட்டுக்குச் சொல்வதற்கு முன்பே. எங்கள் தெருவில் ஒரு அம்மா தன் மகன் போனதை டிவியில்தான் தெரிந்துகொண்டார். அதே பட்டியலில் இருந்த இன்னொருவர் உயிரோடு, சிகிச்சையில் இருந்தார். அவர் வீட்டில் அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் பெயரைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள், வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட வரவில்லை.

2012-ல் அமெரிக்காவின் நியூடவுனில், சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட அன்று, பெரிய பெரிய செய்தி நிறுவனங்களே சுட்டவனின் அண்ணனைச் சுட்டவன் என்று அறிவித்தன. இத்தனை வருடம் கழித்தும், உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று காத்திருக்கிற பழக்கம் வந்த மாதிரி தெரியவில்லை. முதலில் சொன்னவர் என்கிற பெயர்தான் இன்னும் பெரிதாக இருக்கிறது.

அடுத்தது பேட்டிகள். என்னை இன்றுவரை தூங்கவிடாதது இதுதான். அப்பாவை இழந்த ஒரு சின்னப் பெண், பத்து வயதுகூட இருக்காது, கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றிருந்தாள். பெரியவர்கள் எல்லாரும் உள்ளே. ஒரு செய்தியாளர் அவள் உயரத்துக்குக் குனிந்து, கம்பிகளுக்கு நடுவில் மைக்கை நீட்டி, "அப்பா கடைசியா உங்கிட்ட என்ன சொன்னாரு?" என்று கேட்டார். அவள் மைக்கில் ஒட்டியிருந்த சேனல் சின்னத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சீக்கிரம் வந்துடுறேன்னு சொன்னாரு" என்றாள். அவ்வளவுதான். அந்தச் சில நொடிகள், பின்னணியில் வயலின் சோகத்தோடு, அன்று ராத்திரி வரைக்கும் ஓடின. வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அனுமதி கேட்கக்கூடிய நிலையில் அந்த வீட்டில் யாரும் இல்லை என்பது கேட்காமல் இருப்பதற்கான காரணம் ஆகிவிடாது.

இது டிவி வந்து கெட்டுப்போன பழக்கமும் இல்லை. 1966-ல் வேல்ஸில் அபர்ஃபான் என்கிற சுரங்க ஊரில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியதில் 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். செத்துப்போன தோழிகளுக்காக அழு, படம் நன்றாக வரும் என்று ஒரு புகைப்படக்காரர் ஒரு குழந்தையிடம் சொன்னதை, மீட்பு வேலையில் இருந்த ஒருவர் பதிவு செய்திருக்கிறார். 2015-ல் நேபாள நிலநடுக்கத்தின்போது இந்திய டிவி செய்தியாளர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, வீட்டுக்குப் போங்கள் என்று நேபாள மக்களே ட்விட்டரில் திரண்டு சொன்னார்கள்.

சரி, சேனல்காரர்கள் சொல்லும் பதில் தெரியும். "மக்களுக்குத் தெரிய வேண்டாமா? குடும்பத்தார் பேச விரும்பினால் என்ன தப்பு?" விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்தான். நண்பனின் சித்தப்பா தானாக முன்வந்து கேமரா முன்னால் நின்றார். அந்தப் பேருந்தில் பிரேக் சரியில்லை என்று முந்தைய வாரமே பயணிகள் புகார் சொன்னது, ஓட்டுநர் ஓய்வே இல்லாமல் அடுத்த டிரிப்புக்கு வண்டி எடுத்தது என்று நிதானமாக, கோர்வையாகப் பேசினார். கடைசியில் அண்ணன் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்து அழுதுவிட்டார். ஒளிபரப்பில் வந்தது அந்த அழுகை மட்டும். பிரேக்கைப் பற்றியும் ஓட்டுநரைப் பற்றியும் பேசிய ஒரு வாக்கியம்கூட வரவில்லை. மக்களுக்குத் தெரிய வேண்டியது எதுவோ அதை வெட்டி எறிந்துவிட்டு, தெரியத் தேவையில்லாததை நாள் முழுக்கக் காட்டிவிட்டு, பொதுநலன் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இந்தச் சேவையில் நான் மன்னிக்க முடியாத குறை இதுதான்.

களத்துக்கு வந்த பிள்ளைகள்மேல் மட்டும் கோபப்பட முடியவில்லை. பெரும்பாலும் இருபதுகளின் ஆரம்பத்தில் இருப்பவர்கள், காலையிலிருந்து உட்காரக்கூட இல்லை. ஒருவருக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, "பைட் வந்துடுச்சா, அவங்க போட்டுட்டாங்க பாரு" என்று (பைட் என்றால் ஒளிபரப்புக்கான சின்னப் பேட்டித் துண்டு). இன்னொரு பெண் செய்தியாளர் உள்ளே ஒருவர் மயங்கி விழுந்ததும் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினார், அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரையும் அவர் பேட்டி கேட்கவில்லை. துயரத்தில் இருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று செய்தியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க டார்ட் மையம் போன்ற அமைப்புகள் பல வருடமாக வேலை செய்திருக்கின்றன. பயிற்சி முதலில் வேண்டியது, எதை ஒளிபரப்புவது என்று அறையில் உட்கார்ந்து முடிவு செய்பவர்களுக்கு.

மூன்றாவது, போன பிறகும் போகாமல் இருப்பது. நேரலைக் கருவிகளோடு வந்த ஓ.பி. வேன்கள் தெருவை அடைத்து நின்றதில் உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் முனையிலேயே காத்துக் கிடந்தது. ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் சத்தம். மறுநாள் வேறு எங்கேயோ வேறு ஏதோ நடக்க, மொத்தமாகக் கிளம்பிவிட்டார்கள். விசாரணை என்ன ஆனது, பேருந்து நிறுவனத்தின் மேல் என்ன நடவடிக்கை என்று கேட்க இன்றுவரை ஒருவரும் திரும்பி வரவில்லை. ஆனால் அந்தச் சின்னப் பெண்ணின் வீடியோ மட்டும் யூடியூபில் இருக்கிறது, அவள் முகத்தையே தம்ப்நெயிலாக வைத்து. அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். எடுத்துவிடச் சொல்லி அவள் மாமா எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை.

வேறு மாதிரி நடந்துகொள்ள முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1996-ல் ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 16 குழந்தைகளும் ஒரு ஆசிரியையும் கொல்லப்பட்டபோது, குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் இறுதிச் சடங்குகளின் நேரத்தில் ஊடகங்கள் விலகி நின்றன. நியூடவுன் ஊர்க்காரர்கள் முதலாமாண்டு நினைவு நாளில் யாரும் வர வேண்டாம் என்று கேட்டார்கள், பெரிய சேனல்கள் பலவும் போகவில்லை. ஒரே கேமராவை வைத்து எடுத்து எல்லா சேனலும் பகிர்ந்துகொள்கிற பூல் முறை தலைவர்களின் நிகழ்ச்சிகளுக்கு வழக்கமாக நடக்கிறது, சாவு வீட்டுக்கு மட்டும் ஏன் ஆகாது? பிரிட்டனில் பத்திரிகைகளைக் கண்காணிக்கிற இப்ஸோ அமைப்பு, தொல்லைக்கு ஆளானவர்கள் எந்த நேரமும் கூப்பிட ஒரு எண் வைத்திருக்கிறது. பேச விருப்பமில்லை என்று குடும்பம் சொன்னால், அதைப் பத்திரிகைகளுக்கு ஒரே அறிவிப்பாக அனுப்பிவிடுகிறார்கள். வாசலில் நின்று ஒவ்வொருவரிடமாகக் கெஞ்ச வேண்டியதில்லை.

மதிப்பெண் 5-க்கு 1. அந்த ஒன்றும் ஸ்க்ரோலில் உதவி எண் போட்டதற்காக.

இப்படி ஒரு நிலை யாருக்கும் வர வேண்டாம். வந்தால், உடன் நிற்கிற நண்பர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். குடும்பத்தின் சார்பில் பேச ஒரே ஒருவர், அவரும் துக்கத்தில் கொஞ்சம் தள்ளி இருப்பவராக இருக்கட்டும். சொல்ல வேண்டியதை எழுதி வாசித்துவிடுங்கள், எழுதியதை வெட்டுவது கொஞ்சம் கஷ்டம். படம் நீங்களே ஒன்று கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்து எதையாவது எடுத்துப் போடுவார்கள். குழந்தைகளை வாசல் பக்கம் தனியாக விடாதீர்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகும் மைக்கை நீட்டுபவர் எந்த சேனல், எத்தனை மணி என்பதை ஒருவர் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு புகார் எழுத உட்காரும்போது அவைதான் முதலில் கேட்கப்படும்.