குதிகால் ஸ்கேனா, டெக்ஸாவா? எலும்பு அடர்த்தி பார்க்கப் போகும்முன்

மதுரையில் எலும்பு அடர்த்தி பார்ப்பதென்றால் இரண்டு வழி கண்ணில் படும். கல்யாண மண்டபத்து இலவச முகாமில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பது ஒன்று. டாக்டர் சீட்டோடு போய் மேசையில் படுத்து, குறைந்த அளவு எக்ஸ்ரேயால் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன் இன்னொன்று. முதலாவதற்குக் காசில்லை, கதிர்வீச்சில்லை, ஐந்து நிமிட வேலை. இரண்டாவதற்குச் செலவும் உண்டு, மேலூர், உசிலம்பட்டிக்காரர்களுக்கு ஒரு நாள் அலைச்சலும் உண்டு. இருந்தும் என் ஓட்டு டெக்ஸாவுக்குத்தான்.

குதிகால் கருவி எலும்புக்குள் அல்ட்ராசவுண்டைச் செலுத்தி, அது எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கிறது. எலும்பிலுள்ள தாதுவை நேரடியாக அளப்பதில்லை. காலில் வீக்கம் இருந்தாலும், பாதத்தின் சூடு மாறினாலும் எண் நகரும். பித்தவெடிப்புக்குள் ஜெல் இறங்காமல் காற்று நின்றாலும் அப்படித்தான். சீட்டில் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண்) என்று போட்டுத் தருவார்கள். ஆனால் அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று சொல்லும் -2.5 என்ற எல்லை, உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தது. டெக்ஸாவில் இடுப்பு மூட்டு, முதுகெலும்பு, முன்கை ஆகியவற்றில் எடுக்கும் அளவுக்கே அது பொருந்தும். குதிகால் எண்ணை அந்தக் கோட்டில் நிறுத்தி மாத்திரை தொடங்குவது தப்பு. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: வயதான பெண்களுக்குக் குதிகால் எண் குறைவாக வந்தால் எலும்பு முறியும் அபாயம் கூடுதல் என்பது உண்மை. அதனால் முகாம் சீட்டைக் கிழித்துப் போடாமல், டெக்ஸா எடுக்கச் சொல்லும் மணியாக எடுத்துக்கொள்ளலாம்.

டெக்ஸாவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஊசி கிடையாது, எம்ஆர்ஐ மாதிரி குழாய்க்குள் தள்ள மாட்டார்கள், வெறும் வயிறும் தேவையில்லை. கதிர்வீச்சு மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. கால்சியம் மாத்திரையை மட்டும் 24 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். கரையாத மாத்திரை வயிற்றில் கிடந்தால் முதுகெலும்புப் படத்தின் மேல் விழும். பேரியம் குடித்தோ, மருந்து ஏற்றி சிடி எடுத்தோ இருந்தால் இரண்டு வாரம் கழித்துப் போவது நல்லது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சேலையில் குத்திய ஊக்கு, பேன்ட் ஜிப், வெள்ளி அரைஞாண், வயிறு வரை தொங்கும் சங்கிலி எல்லாம் படத்தில் விழும். நைட்டியோ, உலோகம் இல்லாத தளர்ந்த உடையோ போட்டுப் போனால் மாற்றுடை தேடும் வேலை மிச்சம். முதுகுக்கு எடுக்கும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு பெரிய நுரைக்கட்டையை வைத்துக் காலைத் தூக்கி வைப்பார்கள். இடுப்பு வளைவு மேசையோடு படியத்தான் இது. இடுப்பு மூட்டுக்குப் பாதத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டுவார்கள். 10 முதல் 20 நிமிடம் அசையாமல் படுத்தால் போதும். இடுப்பு மூட்டில் உலோகம் வைத்திருந்தால் மறுபக்கம் எடுப்பார்கள். இரண்டு பக்கமும் முடியாதென்றால் முன்கை.

முதுகு எண் மட்டும் நன்றாக இருக்கிறதென்று 70 வயதுக்காரர் நிம்மதியடையக் கூடாது. தேய்மானத்தில் வளரும் எலும்பு முள், சுண்ணாம்பு படிந்த ரத்தக்குழாய், நசுங்கிய முள்ளெலும்பு எல்லாமே அடர்த்தியை உயர்த்திக் காட்டும். அந்த வயதில் இடுப்பு மூட்டு அளவே நம்பகமானது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குள் உள்ள ஆண்களுக்கும் டி-ஸ்கோரை விட்டு, அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைப் பார்க்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை தீர்ப்பைச் சொல்வது இரண்டாவது ஸ்கேன். மருந்து தொடங்கி ஓரிரு வருடம் கழித்து, எலும்பு ஏறியதா இறங்கியதா என்று பார்த்தாக வேண்டும். குதிகால் கருவி இதற்கு உதவாது. குதிகாலில் மாற்றம் மெதுவாகத்தான் வரும், கருவியின் தடுமாற்றம் அதை விழுங்கிவிடும். போதாததற்கு, பல கருவிகள் வெப்பத்தாளில் அச்சிடுகின்றன. நம் ஊர் வெயிலில் சீட்டே வெளுத்துவிடும்.

டெக்ஸாவிலும் ஒரு நிபந்தனை உண்டு: அதே மெஷினில் எடுக்க வேண்டும். ஹோலாஜிக், லூனார் என்ற இரண்டு வகை மெஷின்களும் ஒரே ஆளுக்கு வெவ்வேறு எண் தரும். லூனாரில் கூடுதலாக வரும். முதல் தடவை அண்ணா நகரிலும் அடுத்த தடவை கே.கே. நகரிலும் வேறு மெஷினில் எடுத்துவிட்டு, எலும்பு ஏறிவிட்டது என்று மகிழ்வதில் பொருளில்லை. ஒரே மெஷினிலும் சிறு வித்தியாசம் கணக்கில் வராது. முதுகுக்கு ஏற்கத்தக்க அளவுப் பிழை அதிகபட்சம் 1.9 சதவீதம், அதை 2.77ஆல் பெருக்கினால் 5.3 சதவீதம்; அதைத் தாண்டினால்தான் உண்மையான மாற்றம். முதல் தடவை சதுர செ.மீ.க்கு 0.800 கிராம் என்றால், 0.842ஐத் தாண்டினால்தான் ஏற்றம், 0.758க்குக் கீழே போனால்தான் இறக்கம். நடுவில் 0.820 வந்தால் மாற்றமில்லை என்றே பொருள். ஒப்பிட வேண்டியது இந்த கிராம் எண்ணை, டி-ஸ்கோரை அல்ல.

சிடி வழியிலும் முதுகெலும்பின் அடர்த்தியை அளக்கலாம், தேய்மானம் அதை அவ்வளவு ஏமாற்றாது. கதிர்வீச்சு அதிகம் என்பதால் முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன்.

பஸ் ஏறும்முன் ஸ்கேன் சென்டருக்கு போன் போட்டு, முதுகும் இடுப்பு மூட்டும் சேர்த்து எடுப்பார்களா, மெஷின் எந்த கம்பெனி, மேசை எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். ரிப்போர்ட்டோடு படம் அச்சான பக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கோடுகள் அதே முள்ளெலும்புகளில்தான் போடப்பட்டனவா என்று அதை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள்.