முழங்கால் மூட்டு ஊசி: வருடக்கணக்கில் பார்த்தால் எது நிற்கிறது?

முழங்கால் தேய்மானத்துக்கு ஊசி போட்டவரிடம் இரண்டாவது வாரம் கேட்டால் "சூப்பர்" என்பார். ஒரு வருடம் கழித்துக் கேட்க வேண்டும். ஸ்டீராய்டு, ஜெல் (ஹையாலுரோனிக் அமிலம்), பிஆர்பி (நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா) மூன்றையும் அந்தக் கணக்கில்தான் இங்கே எடைபோடுகிறேன்.

அதிகம் போடப்படுவது ஸ்டீராய்டு. வழக்கமாக டிரையாம்சினோலோன் அல்லது மெதில்பிரெட்னிசலோன் 40 மி.கி., மரத்துப்போவதற்குக் கூடவே லிக்னோகெயின். காலை நீட்டிப் படுக்க வைத்து, முழங்கால் சில்லின் மேல்பக்க வெளி ஓரத்தில் ஊசியை இறக்குவது நல்ல வழி. நீர் கோர்த்திருந்தால் முதலில் அதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்தால் சரி. கலங்கலாக வந்தால் அன்று ஸ்டீராய்டு போடவே கூடாது, நீர் லேபுக்குப் போக வேண்டும். மருந்து தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். மருத்துவர் அழுத்தித் தள்ளினால் முனை பெரும்பாலும் மூட்டுக்கு வெளியே கொழுப்பில் நிற்கிறது. "ஊசி வேலையே செய்யல" என்பவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே போட்டால் இது குறையும்.

போட்ட உடனே வலி போவது லிக்னோகெயினால். சில மணி நேரத்தில் வலி திரும்பும், ஸ்டீராய்டு பிடிக்கச் சில நாள் ஆகும். நடுவே ஓரிரு நாள் வலி கூடலாம், ஐஸ் ஒத்தடம் போதும். மூன்றாவது நாளும் வலி ஏறிக்கொண்டே போய், மூட்டு சூடாகிச் சிவந்து, காய்ச்சலும் வந்தால் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சுகர் உள்ளவர்களுக்கு ஒரு வாரம்வரை அளவு எகிறும். வீட்டில் தினமும் பாருங்கள், மாத்திரையையோ இன்சுலினையோ எப்படி மாற்றுவது என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டியில் சொல்லும் நிவாரணம் 2 முதல் 10 வாரம். "மூணு மாசத்துக்கு ஒண்ணு" என்று தொடர்வதுதான் எனக்குக் கவலை. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒன்றாக 2 ஆண்டு போட்டார்கள், பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வீக்கத்தோடு வலி உச்சத்தில் இருக்கும்போது ஒரு ஊசி, சரி. அட்டவணை போட்டு வேண்டாம்.

ஜெல் ஊசி 6 மி.லி. ஒரே தடவையாகவோ 2 மி.லி. வீதம் வாரம் ஒன்றாக மூன்று தடவையாகவோ வரும். "மூட்டுக்கு கிரீஸ் போடுறோம்" என்று விளக்குவார்கள். ஆனால் செலுத்திய ஜெல் மூட்டிலேயே தங்குவதில்லை, சீக்கிரமே வெளியேறிவிடுகிறது. 2022இல் 169 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், போலி ஊசியைவிடக் கிடைத்த பலன் நோயாளி உணரும் அளவுக்குக்கூட இல்லை. நைஸ் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. கொடுக்கிற காசுக்கு என் பரிந்துரை இல்லை.

பிஆர்பியும் அப்படியே. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வில் (2021) ஒரு வருட முடிவில் உப்புநீருக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தட்டணு அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவது இன்னொரு தலைவலி.

ஸ்டீராய்டு போட்டவர்களில் வருடம் கழித்தும் நன்றாக நடப்பவர்களைக் கவனித்தால், வலி குறைந்த வாரங்களில் தொடைத் தசையைப் பலப்படுத்தியிருப்பார்கள். முதல் இரண்டு நாள் கனமான வேலை வேண்டாம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்தி மெதுவாக இறக்குங்கள், ஒரு காலுக்கு 10 முறை, மூன்று சுற்று. அது பழகியதும் கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். 2020இல் வெளியான 156 பேர் ஆய்வில் ஒரு வருட முடிவில் ஸ்டீராய்டு ஊசியைவிட பிசியோதெரபிதான் முந்தியது. வலி இல்லையே என்று அந்த வாரங்களில் மாடிப்படி ஏறி இறங்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தே கழிப்பவர்கள் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறார்கள்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை யோசனையில் இருந்தால் ஊசியே வேண்டாம். ஊசி போட்ட 3 மாதத்துக்குள் அறுவை செய்தால் தொற்று அபாயம் கூடுகிறது. எந்தக் கால், என்ன மருந்து, எத்தனை மி.கி., எந்தத் தேதி என்று எழுதி வைத்து அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.