கடனுக்குச் சரக்கு கேட்கும் பார்ட்டி: கடன் அறிக்கை வாங்குவதா, ஜிஎஸ்டி எண்ணையும் சிஐஎன்-ஐயும் நாமே படிப்பதா?

புதிதாக ஒரு பார்ட்டி அறுபது நாள் கடனில் சரக்கு கேட்கும்போது நம் கையில் இருப்பது அவர்களுடைய பர்ச்சேஸ் ஆர்டரும் அதில் அச்சடித்திருக்கும் சில எண்களும்தான்: ஜிஎஸ்டி எண், கம்பெனியாக இருந்தால் சிஐஎன் என்கிற கம்பெனி அடையாள எண். அந்த எண்களை வைத்து எதைப் பார்க்கலாம், எதற்குக் காசு கொடுக்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு. நான் அட்டைப்பெட்டி தயாரிப்பவன். பனியன் கம்பெனி, மசாலா கம்பெனி, மில் என்று எங்களிடம் வாங்குகிற எல்லோரும் கடனுக்குத்தான் வாங்குகிறார்கள். ஆண்டுச் சந்தா கட்டி வணிகக் கடன் அறிக்கை எடுப்பதா, இல்லை அரசுத் தளங்களை நாமே பார்த்துக்கொள்வதா என்று யோசித்து, இரண்டாவதைத் தேர்ந்தோம். அந்த முடிவின் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

வங்கிக் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கும் சிபில் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பார்ட்டியின் கம்பெனிக் கடன் அறிக்கையைச் சரக்கு கொடுக்கும் நாம் எடுக்க முடியாது. கடன் கொடுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் எடுக்கலாம், அந்தக் கம்பெனியே தன்னுடையதை எடுக்கலாம். பார்ட்டியே எடுத்து நம்மிடம் காட்டினால் உண்டு. இரண்டு லட்ச ரூபாய் பெட்டிக்கு அதைக் கேட்டால் ஆர்டர் அடுத்த யூனிட்டுக்குப் போய்விடும். கேட்டு வாங்கினாலும் அதில் இருப்பது வங்கிக் கடன் கட்டிய கதை மட்டும்தான். வங்கித் தவணையை நாள் தவறாமல் கட்டிவிட்டு, பெட்டிக்காரனையும் லேபிள்காரனையும் ஆறு மாதம் இழுத்தடிக்கும் கம்பெனிக்கும் சிபில் போடும் 1 முதல் 10 வரையான ரேங்க்கில் நல்ல இடம் கிடைக்கும். அதில் 1 என்றால் மிக நல்லது, 10 என்றால் மோசம். நம்முடைய சொந்த அறிக்கையை மட்டும் வருடத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் தப்பு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளில் திருத்த வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது.

அடுத்தது காசு கொடுத்து வாங்கும் வணிகக் கடன் அறிக்கை. இதில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட். அதன் வேர் 1841இல் நியூயார்க்கில் தொடங்கிய வணிகத் தகவல் ஏஜென்சியில் இருக்கிறது. ஒவ்வொரு தொழிலிடத்துக்கும் 9 இலக்கத்தில் அவர்கள் கொடுப்பது டன்ஸ் எண். தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, கிளைக்கு வேறொன்று. கம்பெனி மூடிப்போனாலும் அந்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. இந்த வகை அறிக்கையின் உண்மையான பலம், சரக்கு கொடுத்த மற்றவர்களுக்கு அந்த பார்ட்டி எத்தனை நாளில் பணம் கொடுத்தது என்ற தகவல். அவர்களுடைய பேடெக்ஸ் மதிப்பெண்ணில் 80 என்றால் சொன்ன தவணையில் பணம் வருகிறது என்று அர்த்தம், அதற்குக் கீழே போனால் தாமதம். நமக்குத் தேவையும் இதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தகவல் தானாக வராது. சரக்கு கொடுத்தவர்கள் தங்கள் பாக்கி விவரத்தைக் கொடுத்தால்தான் அறிக்கையில் ஏறும். நம் ஊரில் எந்த லேபிள் யூனிட் தன் பாக்கிப் பட்டியலை வெளியே கொடுக்கிறது?

இந்த அறிக்கையையும் அரசுத் தளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எங்களுக்கு முடிவைச் சொன்னது ஒரே விஷயம்தான்: கையில் கிடைக்கும் தகவலுக்கு என்ன வயது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி 2024 மார்ச் 31 அன்று கணக்கை முடிக்கிறது. செப்டம்பர் 30க்குள் பொதுக்குழு கூட்டினால் போதும். அதிலிருந்து 30 நாளில் ஏஓசி-4 படிவத்தில் பேலன்ஸ் ஷீட்டைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆக, கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் அது ஏறும்போதே ஏழு மாதம் பழசாகியிருக்கும். அடுத்த பேலன்ஸ் ஷீட் வருவது 2025 அக்டோபர் கடைசியில். அதற்கு முந்தைய வாரம் நீங்கள் அந்தக் கம்பெனியைச் சோதித்தால் கையில் கிடைப்பது ஏறக்குறைய 19 மாதத்துக்கு முந்தைய நிலவரம். காசு கொடுத்து வாங்கும் அறிக்கையின் தலையில் இன்றைய தேதி இருக்கும். ஆனால் பங்குச் சந்தைக்கு வராத கம்பெனி என்றால், உள்ளே உள்ள விற்பனையும் லாபமும் விகிதங்களும் பெரும்பாலும் அதே எம்சிஏ பேலன்ஸ் ஷீட்டிலிருந்து வந்தவைதான். நூல் விலை ஒரு சீசனில் ஏறி இறங்கினாலே நல்ல பார்ட்டி திணறிப்போகிற ஊரில், 19 மாதப் பழைய கணக்கை வைத்துக் கடன் வரம்பு போட எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில்தான் ஜிஎஸ்டி எண் மற்ற எல்லாவற்றையும் தாண்டி நிற்கிறது. மாதா மாதம் புதுத் தகவல், அதுவும் இலவசம்.

எண்ணையே முதலில் படியுங்கள். மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம்: 33 என்றால் தமிழ்நாடு, 32 கேரளா, 29 கர்நாடகா. அடுத்த பத்தும் அப்படியே பான் எண். எண்ணின் ஆறாவது எழுத்தைப் பாருங்கள், அது பானின் நான்காவது எழுத்து. சி என்றால் கம்பெனி, எஃப் என்றால் பார்ட்னர்ஷிப் அல்லது எல்எல்பி, பி என்றால் தனிநபர், அதாவது புரொப்ரைட்டர். லெட்டர்பேடில் 'குரூப் ஆஃப் கம்பெனிஸ்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஆறாவது எழுத்து பி என்று இருக்கும். புரொப்ரைட்டர் என்றால் மோசம் என்று சொல்லவில்லை, எங்களுடைய மிக நல்ல பார்ட்டிகளில் பலர் புரொப்ரைட்டர்கள்தான். யாரை நம்பிக் கடன் கொடுக்கிறோம் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். சட்டப்படியான பெயர், பதிவான தேதி, எண் நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா, ரத்தா என்று வரும். இங்கே பதிவுத் தேதி மிக முக்கியம். ஒரே குடும்பம், ஒரே கட்டடம், ஒரே போர்டு, ஆனால் பர்ச்சேஸ் ஆர்டர் மட்டும் போன மாதம் பதிவான புது நிறுவனத்தின் பெயரில் வரும். அப்பா முப்பது வருடமாகச் சம்பாதித்த பெயர் அந்தப் புது பான் எண்ணுக்குச் சட்டப்படி பொறுப்பாகாது. அதே பான் எண்ணில் வேறு மாநிலங்களில் பதிவு இருக்கிறதா என்றும் அங்கேயே தேடலாம்.

முக்கியமான பகுதி ரிட்டர்ன் தாக்கல் பட்டியல். மாதாந்திரத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதி. ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில் போட்டார்கள் என்று தளம் காட்டும். ஜிஎஸ்டிஆர்-1 என்பது விற்பனைப் பட்டியல், அதைப் போடக் காசு வேண்டாம். 3பி போடும்போது வரியைக் கட்டியாக வேண்டும். அதனால் ஜிஎஸ்டிஆர்-1 நேரத்துக்கு வந்து 3பி மட்டும் மாதம் தோறும் தள்ளிக்கொண்டே போனால், வியாபாரம் நடக்கிறது, கையில் ரொக்கம் இல்லை என்று புரிந்துகொள்ளலாம். தாமதமாகக் கட்டும் வரிக்கு 18 சதவீதம் வட்டி, தாமதக் கட்டணம் வேறு. விருப்பப்பட்டு யாரும் அதைத் தள்ளிப்போட மாட்டார்கள். தொடர்ந்து இரண்டு மாதம் 3பி போடாவிட்டால் சரக்கை வண்டியில் அனுப்பத் தேவையான இ-வே பில் எடுப்பது முடங்கும். இ-வே பில் இல்லாமல் அவர்கள் சரக்கு குடோனை விட்டு நகராது, சரக்கு நகராவிட்டால் நம் பணமும் நகராது. அதனால் பழைய பார்ட்டியாக இருந்தாலும் மாதம் 25ஆம் தேதிக்கு மேல் ஒரு தடவை பட்டியலைப் பார்த்துவிடுகிறோம். 3பி தேதி தள்ளிப்போகத் தொடங்கினால் கடன் நாளை அறுபதிலிருந்து முப்பதாக்கிவிடுவோம். முகம் சுளிப்பவர்கள் உண்டு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதற்கும் எல்லை இருக்கிறது. தளம் தேதியைக் காட்டும், தொகையைக் காட்டாது. எதுவுமே விற்காமல் நில் ரிட்டர்ன் போடுபவரும் அதில் ஒழுங்கானவராகத்தான் தெரிவார். 5 கோடி ரூபாய்க்குள் விற்பனை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் முறையை எடுத்திருந்தால் நமக்குக் கிடைக்கும் தகவலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான். ஒரு ஆடிட்டரின் சோம்பலால் தேதி தள்ளிப்போவதும் நடக்கும், ஒரு மாதத்தை மட்டும் வைத்துப் பார்ட்டியை எடை போடக் கூடாது.

பார்ட்டி ஒரு கம்பெனி என்றால் சிஐஎன்-ஐயும் சேர்த்துப் பார்க்கிறோம். இது 21 எழுத்து. முதல் எழுத்து எல் என்றால் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி, யு என்றால் இல்லாதது. அடுத்த ஐந்து எண் தொழில் வகை, இரண்டு எழுத்து மாநிலம், நான்கு எண் தொடங்கிய வருடம், மூன்று எழுத்து கம்பெனி வகை, கடைசி ஆறு பதிவு எண். மாநில இடத்தில் சென்னைப் பதிவாளரிடம் பதிவானவற்றுக்கு டிஎன், கோயம்புத்தூர்ப் பதிவாளரிடம் பதிவானவற்றுக்கு டிஇசட் என்று இருக்கும். கோவை, திருப்பூர் பக்கத்துக் கம்பெனி லெட்டர்பேடில் டிஇசட் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு பில்லிலும் லெட்டர்பேடிலும் சிஐஎன் அச்சடித்திருக்க வேண்டும் என்கிறது. பிரைவேட் லிமிடெட் என்று சொல்லிக்கொண்டு சிஐஎன் போடாமல் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இந்த எண் வாழ்நாளுக்கும் ஒன்றே அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். கம்பெனி பதிவு அலுவலகத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றினால், பங்குச் சந்தைக்கு வந்தால், பிரைவேட் பப்ளிக் ஆனால் சிஐஎன் மாறும். பான் மாறாது.

எம்சிஏ தளத்தில் பேலன்ஸ் ஷீட்டை விட எனக்குப் பயன்படுவது அடமானப் பட்டியல். கம்பெனி எந்த வங்கிக்கு எவ்வளவு தொகைக்குச் சொத்தையும் சரக்கையும் அடமானம் வைத்திருக்கிறது என்று அதில் வரும். அடமானம் வைத்த 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் பேலன்ஸ் ஷீட்டை விட இது இளமையான தகவல். பல வருடம் ஒரே வங்கியோடு இருந்த கம்பெனி திடீரென்று இரண்டு மூன்று நிதி நிறுவனங்களிடம் அடுத்தடுத்து அடமானம் வைத்திருந்தால், புது மெஷினுக்காகவா, பழைய கடனை அடைக்கவா என்று நேரில் கேட்பேன். 100 ரூபாய் கட்டினால் தாக்கல் செய்த ஆவணங்களையும் திறந்து படிக்கலாம். புரொப்ரைட்டருக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் இது எதுவுமே கிடையாது, அவர்களுக்கு சிஐஎன் இல்லை. எங்கள் பார்ட்டிகளில் பெரும் பகுதி அவர்கள்தான் என்பதால் ஜிஎஸ்டி எண்ணை நான் முதலிடத்தில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கும் அறிக்கை யாருக்கு? ஒரே பார்ட்டியிடம் பெரிய தொகை மாட்டும் அளவுக்கு வியாபாரம் என்றால் அந்த ஒரு பார்ட்டிக்கு மட்டும் தனியாக வாங்கலாம், சந்தா வேண்டாம். வாங்கும்போது மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் இரண்டு இடத்தைப் பாருங்கள்: உள்ளே உள்ள பேலன்ஸ் ஷீட் எந்த மார்ச் மாதத்துடையது, எத்தனை சப்ளையர்கள் சொன்ன அனுபவத்தை வைத்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். சப்ளையர் தகவல் இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுப்பது எம்சிஏ ஆவணத்தை அழகான அட்டையோடு வாங்குவதுதான்.

ஏற்றுமதியாளர்களின் நிலைமை வேறு. நாங்கள் நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை, அதனால் இதை ஏற்றுமதி செய்யும் நண்பர்களோடு பேசியதை வைத்துச் சொல்கிறேன். வாங்குபவர் பிரிட்டன் கம்பெனி என்றால் காசு செலவழிக்கும் முன் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் அவர்களுடைய 8 இட எண்ணைப் போட்டுப் பாருங்கள். கணக்கு, இயக்குநர்கள், அடமானம் எல்லாம் இலவசம். அமெரிக்கத் தனியார் கம்பெனி என்றால் அப்படி ஒரு பொதுக் கணக்கே கிடையாது, கணக்கை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அங்கே சப்ளையர்கள் தகவல் கொடுக்கும் பழக்கமும் நன்றாக வேரூன்றியிருப்பதால், டன்ஸ் எண்ணை வைத்து வாங்கும் அறிக்கைக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான ஈசிஜிசியிடம் காப்பீடு எடுப்பவர்கள், அந்த வெளிநாட்டு பார்ட்டிக்கு எவ்வளவு வரம்பு தருகிறார்கள் என்று சரக்கு ஏற்றும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.